மடக்குக் கூண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்: ஆடிக் கொடைக்கு ஊர் சென்ற ஒரு நாட்டு நாய் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் குடும்பம் தாம்பரத்துக்கு அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கிறது. கணவன், மனைவி, நான்காம் வகுப்பில் படிக்கும் மகள் ஆகிய மூவரோடு, கட்டட வேலை நடந்துகொண்டிருந்த மனை ஒன்றிலிருந்து குட்டியாக எடுத்து வளர்க்கப்பட்ட பெண் நாட்டு நாய் ஒன்றும் அவ்வீட்டில் உள்ளது. செவலை நிறம், விறைத்த காதுகள், ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள். வயது ஏறக்குறைய மூன்று, எடை 16 கிலோ. கருத்தடை அறுவை செய்யப்பட்டது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி உட்பட எல்லாத் தடுப்பூசிகளும் உரிய காலத்தில் போடப்பட்டுள்ளன.

கணவனின் சொந்த ஊர் திருநெல்வேலியை அடுத்த ஒரு சிற்றூர். அங்கே ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கொடை என்னும் திருவிழா நடைபெறும். முந்தைய ஆண்டுக் கொடையின்போது நாயைக் கட்டணக் காப்பகம் ஒன்றில் விட்டுச் சென்றிருக்கிறார்கள். திரும்பி வந்த நாய் வறட்டு இருமலோடு வந்ததுடன், பல நாட்கள் சரியாக உண்ணவும் இல்லை. எனவே இந்த முறை அதையும் உடன் அழைத்துச் செல்வது என்று முடிவு செய்தார்கள்.

ஊரிலுள்ள வீட்டின் நிலைமை வேறு. அங்கே கணவனின் தாயாரும், அண்ணன் குடும்பமும், தவழும் குழந்தை ஒன்றும் இருக்கிறார்கள். அடுக்களைக்குள்ளும் பூசை அறைக்குள்ளும் நாய் வரக்கூடாது என்பதில் தாயார் உறுதியாக இருந்தார். கொடை நாட்களில் வாசற்கதவு அடைபடாது. உறவினர்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். அறிமுகமில்லாத ஊரில் நாய் ஒருமுறை வெளியேறிவிட்டால் அதைத் தேடிப் பிடிப்பது கடினம். தெருநாய்களோடு சண்டையிட்டுக் காயப்படவும் கூடும். ஆகவே நாய்க்கென்று ஓர் இடம், அதுவும் எடுத்துச் செல்லக்கூடிய இடம், தேவைப்பட்டது.

வைகாசி மாதத்தில் அவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தபோது, 30 அங்குல நீளமுள்ள துணிக் கூண்டு ஒன்றை வாங்குவதாக ஏறத்தாழ முடிவே செய்திருந்தார்கள். கடைக்காரர் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் விரித்து மடக்கிக் காட்டியிருக்கிறார். எடை குறைவு, பார்வைக்கு அழகு, கைப்பை போலத் தூக்கிச் செல்லலாம். அது சரிதானா என்று உறுதி செய்துகொள்வது மட்டுமே அவர்களது நோக்கமாக இருந்தது. நாயைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல இயலாது என்று கூறி, முதலில் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன்.

பயண வழியைத் தீர்மானித்தது

கூண்டின் வகை பயண வழியைச் சார்ந்தது என்பதால் அதையே முதலில் பேசினோம். விமானத்தைப் பொறுத்தவரை, உலக விமானப் போக்குவரத்துக் கூட்டமைப்பான ஐஏடிஏ வகுத்துள்ள உயிருள்ள விலங்குகளுக்கான விதிகள் சரக்கறையில் செல்லும் நாய்க்கு உறுதியான, மடங்காத பெட்டியைக் கோருகின்றன. துணிக் கூண்டும் மடக்குக் கம்பிக் கூண்டும் அங்கே செல்லா. ரயிலில், முதல் வகுப்பு ஏசி பெட்டியின் இருவர் கூபே அல்லது நால்வர் அறை முழுவதையும் ஒரே குடும்பம் பதிவு செய்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அது பிரேக் வேன் எனப்படும் கார்டு பெட்டியிலுள்ள நாய்ப்பெட்டியில் தனியாகப் பயணம் செய்ய வேண்டும். மூவர் கொண்ட குடும்பத்துக்கு நால்வர் அறை தேவைப்படும். அது கிடைத்ததா என்பதோ பயணிகள் அட்டவணை தயாரான பிறகுதான் உறுதியாகும். பூட்டிய இடத்தில் தனிமையைத் தாங்காத ஒரு நாயை (இது பற்றி அடுத்து வருகிறது) இரவு முழுவதும் நாய்ப்பெட்டியில் அனுப்ப அவர்களுக்கு மனமில்லை. எனக்கும் அதில் உடன்பாடில்லை. சொந்தக் காரில் செல்வது என்று முடிவாயிற்று. விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாக 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைப் பயணம் அது.

வீட்டில் கவனித்தவை

நாய் பகலில் எங்கே படுக்கிறது, எப்படிப் படுக்கிறது, எதற்கு அஞ்சுகிறது, அடைக்கப்பட்டால் என்ன செய்கிறது ஆகிய நான்கையும் அறிந்த பின்னரே கூண்டைப் பற்றிப் பேச முடியும் என்பது என் உறுதியான கருத்து. கடைகளில் இவற்றை யாரும் கேட்பதில்லை.

இந்த நாய் நண்பகலில் கூடத்தின் மொசைக் தரையில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒருக்களித்துப் படுத்து நான்கு கால்களையும் நீட்டிக்கொள்கிறது. சுருண்டு படுப்பது விடியற்காலையில் மட்டுமே. நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதாலும், குளிர்ந்த தரையில் வயிற்றையும் தொடைகளையும் பதிப்பதாலும்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே நம் ஊர் வெப்பத்தில் கால் நீட்டிப் படுக்க இடமில்லாத கூண்டு, நின்று திரும்ப இடமிருந்தாலும், போதுமான கூண்டு ஆகாது.

இரண்டாவதாக, படுக்கையறைக் கதவின் உட்புறத்தில், கைப்பிடிக்குக் கீழே, ஆழமான நகக் கீறல்கள் இருந்தன. விருந்தினர் வரும்போது நாயை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தும் வழக்கத்தின் விளைவு அது. ஆட்கள் வீட்டில் இருந்தும் தன்னை மட்டும் தனியே அடைத்தால் அது கதவைப் பிறாண்டும், சிணுங்கும், எச்சில் ஒழுக்கும் என்று மனைவி விவரித்தார். வீட்டார் அனைவரும் வெளியே சென்று, வீடு முழுவதும் திறந்திருந்தால் அமைதியாக உறங்கும் என்பதையும் அவர்களது கைப்பேசிக் காணொளி காட்டியது. தனிமையைவிட அடைப்பே அதற்குச் சிக்கல் என்பது இதிலிருந்து தெரிந்தது.

மூன்றாவதாக, காரில் அது படுக்காது. நின்றபடியே வரும், திருப்பங்களில் தடுமாறும், முன்னிருக்கைகளுக்கு நடுவே தலையை நுழைக்கும், அரை மணி நேரத்துக்குள் எச்சில் வடியத் தொடங்கி வாந்தியில் முடியும்.

நான்காவதாக, தீபாவளி நாட்களில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வராது என்றார்கள். கொடை என்றால் ஒலிபெருக்கியும் மேளமும் வேட்டும் உண்டு என்பதால் இதைக் குறித்துக்கொண்டேன். எந்தக் கூண்டும் வெடிச் சத்தத்தைத் தடுக்காது என்று அன்றே அவர்களிடம் சொன்னேன்; ஆனால் அப்போது பேச்சு முழுவதும் கூண்டைச் சுற்றியே இருந்ததால், அச்சத்தைத் தனியே கையாளும் திட்டம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவில் நின்றது.

அளவெடுத்தல்

சுவரோரம் நாயை நிற்கவைத்து, சுண்ணக்கட்டியால் குறியிட்டு அளந்தோம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 74 செ.மீ.; தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை 30 செ.மீ.; தோள்களின் அகலம் 20 செ.மீ.; விறைத்த காதுகளின் நுனி வரை உயரம் 60 செ.மீ. விமானப் பெட்டிகளுக்கான ஐஏடிஏ கணக்கு எளிமையானது: உடல் நீளத்தோடு முன்னங்கால் உயரத்தில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம், தோள் அகலத்தை இரட்டித்தால் பெட்டியின் அகலம், காது நுனி வரை உள்ள உயரத்தோடு விரிப்பின் தடிமனைச் சேர்த்தால் பெட்டியின் உயரம். இது கார்ப் பயணமே என்றாலும், தொடக்கப் புள்ளியாக இக்கணக்கைப் பயன்படுத்துவது எனக்கு வழக்கம். அதன்படி 89 செ.மீ. நீளமும், 40 செ.மீ. அகலமும், 60 செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட உயரமும் தேவைப்பட்டன.

கடையில் அவர்கள் பார்த்த 30 அங்குலக் கூண்டின் அளவு ஏறக்குறைய 76 செ.மீ. நீளம், 48 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். அதற்குள் இந்த நாய் நிமிர்ந்து நிற்கவே முடியாது. பிறகு ஏன் அதைப் பரிந்துரைத்தார்கள்? கூண்டு விற்பவர்கள் பெரும்பாலும் எடையை வைத்தே அளவு சொல்கிறார்கள். 12 முதல் 18 கிலோ வரையுள்ள நாய்க்கு 30 அங்குலம் என்பது பரவலாக வழங்கும் அட்டவணை. பீகிள் போன்ற குட்டைக் கால்களும் பருத்த உடலும் கொண்ட இனங்களுக்கு அது பொருந்திவரலாம். நம் நாட்டு நாயோ, சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களோ எடைக்கு மிஞ்சிய உயரமும் நீளமும் உடையவை. அவற்றுக்கு எடை அட்டவணையை நம்பிக் கூண்டு வாங்கினால் பெரும்பாலும் ஒரு அளவு சிறியதாகவே வந்து சேரும். இதை நாட்டு நாய் வளர்ப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அடுத்த அளவு 36 அங்குலம்: ஏறக்குறைய 91 செ.மீ. நீளம், 58 செ.மீ. அகலம், 64 செ.மீ. உயரம். நாய் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது முதுகிலிருந்து நீட்டிய பாதங்கள் வரை அளந்ததில் 60 செ.மீ.யை ஒட்டி வந்தது. கணக்கு கேட்ட 40 செ.மீ. அகலம் அது நிற்பதற்கும் திரும்புவதற்கும் மட்டுமே போதும். அதன் நண்பகல் உறக்கத்துக்கு 58 செ.மீ. அகலமே தேவைப்பட்டது. ஆக, அளவைத் தீர்மானித்ததில் நீளத்துக்கும் உயரத்துக்கும் நிகரான பங்கு அகலத்துக்கும் இருந்தது.

இங்கே சட்டத்தையும் நினைவூட்டினேன். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, நியாயமான அளவுக்கு அசைவதற்கு இடம் தராத நீள, அகல, உயரமுள்ள கூண்டில் விலங்கை அடைத்து வைப்பதைக் குற்றமாகக் கருதுகிறது. அக்கறையுள்ள குடும்பம் ஒன்று, தவறான அட்டவணையை நம்பி, அறியாமலேயே அந்த வரம்புக்கு அருகில் போய்விடக்கூடும்.

துணியா, கம்பியா

அளவு முடிவான பின் வகையைப் பற்றிய விவாதம் நீண்டது. உயரமான மடக்கு வேலி ஒன்று வாங்கலாமா என்று கணவன் கேட்டார். மேற்கூரை இல்லாத வேலியை இந்த நாய் ஒரே தாவலில் தாண்டிவிடும் என்பதால் அதை உடனே கைவிட்டோம். எஞ்சியவை துணிக் கூண்டும் கம்பிக் கூண்டும்.

துணிக் கூண்டு என்பது உலோகக் குழாய்ச் சட்டத்தின் மேல் கெட்டித் துணியும் வலைச் சன்னல்களும் தைத்து, ஜிப் வைத்த கதவுகளோடு வருவது. 36 அங்குல அளவிலும் அது கம்பிக் கூண்டின் எடையில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். சத்தம் எழுப்பாது, உள்ளே அரையிருட்டாக இருப்பதால் சில நாய்கள் அதை விரும்பும். ஆனால் வலை இருந்தும் காற்றோட்டம் குறைவு. வாந்தி எடுத்தால் முழு உறையையும் கழற்றித் துவைத்து உலர்த்தியாக வேண்டும். பயணத்தின் நடுவில் அது நடவாது. தையல் மடிப்புகளில் உண்ணி ஒளிந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூண்டுக்குப் பழகிய நாய்க்கு மட்டுமே அது ஏற்றது. மரக்கதவில் கீறல் விழும் அளவுக்குப் பிறாண்டுகிற நாய்க்கு, வலையைக் கிழிக்கவோ ஜிப்பை மூக்கால் தள்ளித் திறக்கவோ அதிக நேரம் ஆகாது. பாதி கிழிந்த வலையில் தலை சிக்கிக்கொள்வது முழுவதும் வெளியேறுவதைவிட ஆபத்தானது.

கம்பிக் கூண்டு சூட்கேஸ் போலத் தட்டையாக மடங்கும். எல்லாப் பக்கமும் காற்று வரும். அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டை உருவிக் கழுவலாம். குறைகளும் உண்டு. 36 அங்குலக் கூண்டு 11 கிலோ அளவில் கனக்கும். தூக்கும்போதும் நாய் அசையும்போதும் கலகலக்கும். மனைவிக்கு முதுகுவலி இருந்ததாலும், குடியிருப்பின் மின்தூக்கி அடிக்கடி பழுதாவதாலும் எடையைப் பற்றிய அவரது தயக்கம் நியாயமானது. அவர் துணிக் கூண்டையே விரும்பினார். கணவன் கம்பிக் கூண்டின் பக்கம் இருந்தார்.

முடிவுக்கு வர உதவியவை இரண்டு செய்திகள். ஒன்று கதவுக் கீறல். மற்றொன்று ஆடிக் காற்று. ஊர் வீட்டில் நாய்க்கு ஒதுக்கக்கூடிய இடங்களில் ஒன்று முற்றத்தை ஒட்டிய தார்சா (தாழ்வாரம்). ஆடி மாதத்தில் அங்கே வீசும் காற்றில் எடையற்ற துணிக் கூண்டு நிலையாக நிற்காது, துணி படபடத்து நாயை மிரட்டும் என்று கணவன் தம் அனுபவத்திலிருந்து சொன்னார். 36 அங்குலக் கம்பிக் கூண்டு, இரண்டு கதவுகள் உள்ளது, என்று முடிவாயிற்று. கூண்டைத் தூக்குவது கணவனின் பொறுப்பு என்பதும் அப்போதே பேசி வைக்கப்பட்டது.

வாங்கும்போது கம்பி முனைகளின் மேல் உள்ளங்கையால் தடவிப் பார்க்கும்படியும், கதவுத் தாழ்ப்பாள் மேலும் கீழும் இரண்டு இடங்களில் பிடிக்கிறதா என்று பார்க்கும்படியும் கூறினேன். சத்தத்தைக் குறைக்க, பக்கச் சட்டங்கள் உரசும் மூலைகளில் சைக்கிள் டியூபைத் துண்டாக வெட்டிச் சுற்றினார்கள். தட்டுக்கு அடியில் பழைய போர்வை விரித்ததும் கலகலப்பு பெருமளவு அடங்கியது.

ஓடும் காரில் கூண்டு வேண்டுமா

கணவனின் விருப்பம், பின்னிருக்கையின் ஒரு பகுதியை மடக்கிக் கூண்டை அங்கேயே விரித்துவைத்து நாயை அதற்குள் ஏற்றிச் செல்வது. இதில் நான் உடன்படவில்லை. காரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டியிருந்தது.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் மோதி நொடியில் பத்திலொரு பங்கு நேரத்தில் நின்றால், 16 கிலோ நாயின் உடல் ஏறக்குறைய 220 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னே பாயும். மடக்குக் கூண்டின் மெல்லிய கம்பிகளும் கொக்கிகளும் அந்த விசைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கம்பி வளைந்து முறிந்தால் அதுவே நாயைக் குத்தும். அமெரிக்காவிலுள்ள ‘சென்டர் ஃபார் பெட் சேஃப்டி’ என்ற அமைப்பு 2015-இல் கூண்டுகளை மோதல் சோதனைக்கு உட்படுத்தியபோது, கூண்டு வகையில் முதலிடம் பெற்றது மடங்காத, தடித்த சுவருள்ள பெட்டியே. மடக்குக் கூண்டு நாய் தங்குவதற்கு உரியது. மோதலிலிருந்து காக்கும் கருவியாக அதைக் கருதக்கூடாது. இதைக் கடைகளில் எழுதி ஒட்டினால் நன்றாக இருக்கும்.

இதற்கு மாற்றாக, மார்பைச் சுற்றி அகன்ற பட்டை வரும் ஹார்னஸ் ஒன்றை அணிவித்து, அதைக் குட்டையான வாரால் சீட்பெல்ட்டோடு பிணைத்துப் பின்னிருக்கையில் நாயை அமரவைப்பது என்று முன்மொழிந்தேன். கழுத்துப்பட்டையோடு ஒருபோதும் பிணைக்கக்கூடாது. திடீர் நிறுத்தத்தில் கழுத்து முறியக்கூடும். கணவன் உடனே ஏற்கவில்லை. குடியிருப்பைச் சுற்றியுள்ள தெருக்களில் கூண்டோடு ஒரு சோதனை ஓட்டம் நடத்திப் பார்த்தார். மடக்கிய இருக்கையின் மேற்பரப்பு சரிவாக இருந்ததால் கூண்டு ஆடியது. வேகத்தடைகளில் எழுந்த சத்தத்தில் நாய் நடுங்கியது. முன்னிருக்கையை நகர்த்த இயலாமல் போனது. அதன் பிறகு ஹார்னஸ் வாங்கப்பட்டது. கூண்டு மடக்கிய நிலையில் டிக்கியில், பின்னிருக்கையின் முதுகோடு செங்குத்தாக ஒட்டி, பயணப் பைகளுக்குப் பின்னால் இடம் பிடித்தது.

கூண்டுக்குப் பழக்கியது

வாங்கிய அன்றே அடைக்கக்கூடாது என்பதே முதல் விதி. கூண்டின் கதவை முழுவதும் திறந்து கயிற்றால் கட்டிவைத்து, கூடத்தில் மின்விசிறி படும் இடத்தில் விட்டார்கள். காலை உணவுக் கிண்ணம் முதலில் கூண்டு வாசலில், பிறகு உள்ளே பாதித் தொலைவில், பிறகு கடைசி மூலையில் வைக்கப்பட்டது. நாய் தானாக உள்ளே போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகுதான், அது உண்ணும் நேரத்தில் மட்டும் கதவைச் சாத்தி, உண்டு முடிக்கும் முன்பே திறந்தார்கள். சாத்தியிருக்கும் நேரம் சிறிது சிறிதாக நீட்டப்பட்டது. எச்சில் ஒழுகினாலோ, மூக்கால் கதவைத் தள்ளினாலோ, அடுத்த முறை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது உடன்பாடு. இப்பணியில் மகளின் பொறுமை வியப்புக்குரியது. பெரியவர்கள் அவசரப்பட்ட நாட்களில் அவளே அவர்களைத் தடுத்தாள்.

கூண்டுக்குள் போகும்போது கழுத்துப்பட்டையையும் ஹார்னஸையும் கழற்றிவிட வேண்டும் என்று வலியுறுத்தினேன். பட்டையின் வளையமோ பெயர் வில்லையோ கம்பியில் மாட்டி நாய் மூச்சுத் திணறுவது கம்பிக் கூண்டுகளில் நேரக்கூடிய விபத்து.

ஆனி மாத இறுதியில், பல்லாவரத்திலுள்ள உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கி ஒத்திகை பார்த்தார்கள். மூன்று பக்கமும் பருத்திப் புடவை போர்த்திய கூண்டில் நாய் நள்ளிரவில் ஒருமுறை சிணுங்கியதைத் தவிர அமைதியாகவே உறங்கியது. அந்த வீடு அமைதியான வீடு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

பயணம்

விடியலுக்கு முன் புறப்பட்டார்கள். முந்தைய இரவு அரை வயிறு உணவு; காலையில் தண்ணீர் மட்டும்; கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த வாந்தித் தடுப்பு மாத்திரை புறப்படும் முன் கொடுக்கப்பட்டது. தடுப்பூசிச் சான்று கைப்பையில் இருந்தது. குட்டை வார் நாயை நிற்கவும் படுக்கவும் விட்டது, முன்னே தாவ விடவில்லை. திண்டிவனம் தாண்டியதும் அது படுத்துவிட்டது என்றும், திருச்சிக்கு அருகே ஒருமுறை மட்டும் எச்சில் ஒழுக்கியது என்றும் மனைவி எழுதி வைத்த குறிப்பில் உள்ளது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, வாரோடு நடக்கவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவர் எப்போதும் நாயோடு இருந்தார். நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி வரை வெப்பம் ஏறிவிடும் என்பதால் அதைத் தனியே விட்டுச் செல்லவில்லை.

வழி நெடுகிலும் கூண்டு ஒரு முறைகூட வெளியே எடுக்கப்படவில்லை. சாலையோர நிறுத்தங்களில் அதற்குத் தேவையே எழவில்லை. கடையில் பெரிதாகக் காட்டப்பட்ட மடக்கும் வேகம், இந்தப் பயணத்தில் எதற்கும் பயன்படவில்லை. கூண்டு விரிக்கப்பட்டது ஊரில் ஒருமுறை, மடக்கப்பட்டது திரும்பும் நாளில் ஒருமுறை.

ஊரில், கொடைக்கு முன்

கூண்டுக்குத் தார்சாவைவிட, அதை ஒட்டிய பின்னறையே ஏற்றது என்று இடத்தைப் பார்த்தபின் முடிவு செய்தார்கள். ஒரு மின்விசிறியும், தெருவைப் பாராத சன்னலும், உட்புறம் தாழ்ப்பாள் உள்ள கதவும் அந்த அறைக்கு இருந்தன. கூண்டுக் கதவு, அறைக் கதவு என்ற இரண்டில் ஒன்று எப்போதும் அடைத்திருக்க வேண்டும் என்ற விதியை வீட்டார் அனைவருக்கும் சொன்னார்கள்.

கணவனின் தாயாருக்குக் கூண்டைப் பார்த்ததும் வருத்தம். “கூட்டுக்குள்ள போட்டு அடைக்கவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீய?” என்று கேட்டிருக்கிறார். நாய் தானாகவே உள்ளே போய்ப் படுத்ததைக் கண்ட பிறகு அவரது மனம் சற்று ஆறியது. கூண்டுக்குள் வைத்த உணவுக் கிண்ணத்தை எறும்பு மொய்த்தது. உணவை நேரத்துக்கு வைத்து, உண்டதும் எடுத்துவிட்டு, தண்ணீரைக் கம்பியில் மாட்டும் எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்ததும் அத்தொல்லை நீங்கியது.

கொடை நாள்

நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையின்போது வேட்டுப் போடுவார்கள் என்பதால், அந்த நேரத்தில் கணவன் பின்னறையில் நாயோடு இருப்பது என்று திட்டமிட்டிருந்தார்கள். எதிர்பாராதது பிற்பகலில் நடந்தது. மேளத்தோடு வந்த ஊர்வலம் வீட்டு வாசலில் நின்றபோது அங்கேயே சரவெடி கொளுத்தப்பட்டது. பெரியவர்கள் அனைவரும் வாசலில் நின்றார்கள். பின்னறையில் அண்ணன் மகள் மட்டும் இருந்தாள். நாய் பூட்டிய கூண்டுக்குள் இருந்தது.

முதல் வெடிக்கே அது எழுந்து தட்டைப் பிறாண்டத் தொடங்கியது. பின்னர் கீழ் மூலையில் மூக்கை நுழைத்து முட்டியது. தட்டைப் பிடித்திருந்த சிறு கொக்கி விலகி, தட்டு பாதி வெளியே நழுவியது. அந்த இடைவெளியில் நாயின் முன்னங்கால் நகம் ஒன்று சிக்கிக் கிழிந்து இரத்தம் கசிந்தது. அந்தப் பெண் பதறாமல், முன்பே சொல்லி வைத்திருந்தபடி அறைக் கதவு தாழிட்டிருப்பதை உறுதி செய்துகொண்டு கூண்டைத் திறந்தாள். நாய் கட்டிலுக்கு அடியில் ஓடிப் பதுங்கியது. அறைக் கதவு திறந்திருந்தால் அது கூட்டத்துக்குள்ளும் வெடிக்குள்ளும் ஓடியிருக்கும். இரண்டு கதவு விதி அன்று அந்த நாயின் உயிரைக் காத்தது என்று நான் கருதுகிறேன்.

நகத்தைக் கழுவி மருந்திட்டார்கள். அன்றிரவு கூண்டுக் கதவு திறந்தே விடப்பட்டது. சன்னலை மூடி, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, கணவன் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். நாய் இரவு முழுவதும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது, கூண்டை நாடவில்லை. மறுநாள் கூண்டுக்குள் செல்லத் தயங்கியது. உணவுக் கிண்ணத்தை மீண்டும் வாசலிலிருந்து தொடங்கி நகர்த்தியபோது மாலைக்குள் உள்ளே சென்று உண்டது. கதவைச் சாத்துவதைத் திரும்பும் நாள் வரை தவிர்த்தார்கள்.

விளைவு

திரும்பும் பயணம் சிக்கலின்றி முடிந்தது. இருமலோ பசியின்மையோ இல்லை. உறவினர் வீட்டில் யாருக்கும் அச்சுறுத்தல் நேரவில்லை. தவழும் குழந்தையும் நாயும் ஒரே அறையில் தனித்துவிடப்பட்ட தருணமே இல்லை. நகம் சில வாரங்களில் ஆறியது. கூண்டின் அளவு சரியாக இருந்தது என்பதை நண்பகலில் கால் நீட்டி அது உறங்கிய படங்கள் காட்டின. கம்பிக் கூண்டு என்ற முடிவும் சரியே. அன்று பிற்பகல் துணிக் கூண்டாக இருந்திருந்தால் வலை கிழிந்து கழுத்து மாட்டியிருக்கும் வாய்ப்பு அதிகம். எடை பற்றிய மனைவியின் கவலையும் உண்மையாயிற்று: திரும்பி வந்த இரவில் மின்தூக்கி ஓடவில்லை, கணவன் இரண்டு மாடி ஏறிக் கூண்டைச் சுமந்தார்.

மாற்ற வேண்டியவை

முதலாவது, தட்டின் பூட்டு. வாங்கும்போது கதவுத் தாழ்ப்பாளைச் சோதிப்பதுபோல், தட்டைக் காலால் அழுத்தி இழுத்தும் பார்க்க வேண்டும். இவர்கள் இப்போது தட்டின் இரு முனைகளையும் அடிக்கம்பியோடு கேபிள் டையால் இறுகக் கட்டியிருக்கிறார்கள். கழுவும்போது வெட்டிவிட்டுப் புதியது போடுகிறார்கள்.

இரண்டாவது, பழக்கும் காலம். அமைதியான வீட்டில் கூண்டுக்குப் பழகுவது ஒன்று. சத்தத்துக்கு நடுவே அதில் இருப்பது முற்றிலும் வேறு. மேளம், வெடி ஆகியவற்றின் ஒலிப்பதிவை மிகக் குறைந்த ஒலியில் உணவோடு சேர்த்துக் கேட்கவைத்து, பல வாரங்களில் படிப்படியாக உயர்த்தும் பயிற்சியைக் கூண்டுப் பழக்கத்தோடு இணையாகத் தொடங்கியிருக்க வேண்டும். அச்சம் ஆழமாக உள்ள நாய்களுக்கு மருத்துவரின் மருந்தும் தேவைப்படலாம். அதையும் பயணத்துக்கு முன்பே வீட்டில் கொடுத்துப் பார்த்தாக வேண்டும். மூன்றாவதாக, வெடிச் சத்தம் எதிர்பார்க்கப்படும் நாளில், குறித்த நேரத்தில் மட்டுமின்றி நாள் முழுவதும் கூண்டுக் கதவைத் திறந்துவைத்து அறைக் கதவை மட்டும் அடைப்பது நல்லது.

இவ்வாண்டு அவர்கள் ஒலிப் பயிற்சியைச் சித்திரையிலேயே தொடங்கிவிட்டார்கள். கொடை நாளன்று மட்டும் நாயை ஊருக்கு வெளியே வயலை ஒட்டியுள்ள சித்தப்பா வீட்டில், அதே கூண்டோடு, ஒருவர் துணையிருக்க வைத்திருப்பது என்றும், கூண்டைப் படிகளில் தூக்க நடுவில் கைப்பிடி உள்ள பட்டை ஒன்றைத் தைத்துக்கொள்வது என்றும் முடிவு செய்திருக்கிறார்கள்.